என்வ்-இசட் (பாக்டீரியா சவ்வு ஏற்பி மரபணு)

என்வ்-இசட் என்பது எஸ்செரிச்சியா கோலை (சுருக்கமாக ஈ. கோலை) என்னும் பாக்டீரியாவின் உட்சவ்வில் பதிந்திருக்கும் ஓர் ஏற்பிப் புரதத்தின் பெயர். அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவுக்கும் அதே பெயர்தான். செல்லைச் சூழ்ந்துள்ள நீரில் உப்பு முதலிய கரைபொருள்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்பதை இந்த ஏற்பி அறிகிறது. அறிந்த செய்தியை ஓம்ப்-ஆர் என்னும் மற்றொரு புரதத்தின் வழியாக மரபணுக்களுக்குச் சேர்ப்பிக்கிறது. சால்மோனெல்லா போன்ற நெருங்கிய உறவுடைய பாக்டீரியாக்களிலும் இது உண்டு.

செயற்கை உயிரியல் என்னும் புதிய துறையில் இந்த மரபணுவுக்குத் தனி இடம் இருக்கிறது. இதன் முன்பகுதியை நீக்கிவிட்டு வேறொரு புரதத்தின் முன்பகுதியைப் பொருத்தினால், உப்பை அறிந்த பாக்டீரியா ஒளியையோ குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளையோ அறியத் தொடங்குகிறது. 2005ஆம் ஆண்டில் பாக்டீரியாக்களைக் கொண்டே ஒளிப்படம் எடுத்துக் காட்டிய புகழ்பெற்ற சோதனை இந்த மரபணுவின் ஒரு பாதியைக் கொண்டுதான் செய்யப்பட்டது.

உப்பும் உயிரும்

இந்த ஏற்பியின் வேலை என்ன என்பதை விளங்கிக்கொள்ளத் தூத்துக்குடி உப்பளங்களைவிட நல்ல இடம் கிடையாது. முத்தையாபுரம், ஆறுமுகனேரி, வேப்பலோடை பகுதிகளின் உப்பளங்களில் நீரின் அடர்த்தியைப் பாமே அளவில், 'டிகிரி' கணக்கில் சொல்வார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் வற்ற வற்ற அது பாத்திக்குப் பாத்தி அடர்த்தி ஏறும். இடையில் ஜிப்சம் படியும். 25 டிகிரி அளவை எட்டும்போது சமையல் உப்பு படிகமாகத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போனால் மக்னீசியம் உப்புகள் மிகுந்து கசப்பேறிவிடும் என்பதால் அந்த நீரை வெளியேற்றிவிடுவார்கள்.

ஒவ்வொரு பாத்தியிலும் வாழக்கூடிய உயிர்கள் வேறு. கடைசிப் பாத்திகளில் நீர் இளஞ்சிவப்பாகத் தெரிவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். உப்பை விரும்பி வாழும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர்களும் துனலியெல்லா என்னும் பாசியும் சேர்ந்து தருகிற நிறம் அது. அந்த ஆர்க்கியாக்கள் பொட்டாசியம் குளோரைடைத் தம் செல்லுக்குள்ளேயே பெருமளவில் நிறைத்துக்கொண்டு வெளியிலுள்ள உப்புக்கு ஈடு கொடுக்கின்றன. ஈ. கோலையால் அப்படி முடியாது. அந்தப் பாத்தியில் விழுந்தால் அதன் கதை முடிந்தது.

காரணம் சவ்வூடு பரவல். கரைபொருள் குறைவாக உள்ள பக்கத்திலிருந்து மிகுதியாக உள்ள பக்கத்துக்குச் சவ்வின் வழியே நீர் செல்லும். கருவாடு கெடாமல் இருப்பதும் இதனால்தான்: உப்பு மீனிலிருந்து மட்டுமல்ல, மீனைக் கெடுக்கவரும் பாக்டீரியாவிலிருந்தும் நீரை உறிஞ்சிவிடுகிறது. மாறாக, உப்பு நீரில் இருந்த செல்லைத் திடீரென்று நன்னீரில் இட்டால் நீர் உள்ளே பாய்ந்து செல் வெடிக்கும் நிலைக்கு வரும். ஆகவே ஒரு செல் உயிர்வாழ வேண்டுமானால் வெளியிலுள்ள நீரின் நிலையை அது தொடர்ந்து கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈ. கோலையின் இயல்பான இருப்பிடம் மனிதர் மற்றும் விலங்குகளின் குடல். அங்கே வெப்பநிலை 37 டிகிரி செல்சியஸ், உணவு மிகுதி, கரைபொருளின் அளவு இரத்தத்தில் உள்ளதை ஒட்டி 300 மில்லி ஆஸ்மோல் அளவில் இருக்கும். கழிவுநீர் வழியாக அது தாமிரபரணியில் கலந்தால் நிலைமை தலைகீழாகிறது: குளிர்ந்த நன்னீர், கரைபொருள் மிகக் குறைவு, உணவும் குறைவு. ஆற்றோடு போய்ப் புன்னைக்காயல் முகத்துவாரத்தை அடைந்தால் அங்கே நீரோட்டத்துக்கும் ஓதத்துக்கும் ஏற்ப உப்பு ஏறி இறங்கும். அதையும் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் போனால் கரைபொருள் அளவு 1,000 மில்லி ஆஸ்மோலை ஒட்டி வந்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டித் தாமிரபரணி பெருகியபோது நடந்தது இதற்கு நேர் எதிர். உப்பிலிருந்த கோடானுகோடி நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் மழைநீரில் இருந்தன.

இரண்டு வகைத் துளைகள்

ஈ. கோலைக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. போரின் எனப்படும் புரதங்களே இத்துளைகளை அமைக்கின்றன. உணவும் உப்பும் கழிவும் இவற்றின் வழியாகப் போய்வருகின்றன. இவற்றுள் முதன்மையானவை இரண்டு: ஓம்ப்-எஃப், ஓம்ப்-சி. முதலாவதின் துளை விட்டம் ஏறத்தாழ 1.16 நானோமீட்டர், இரண்டாவதினுடையது 1.08 நானோமீட்டர். வேறுபாடு ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனாலும் அந்தச் சிறு வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது.

கரைபொருள் குறைந்த நீரில் பாக்டீரியா அகன்ற துளையான ஓம்ப்-எஃப் புரதத்தை மிகுதியாகச் செய்கிறது. அங்கே உணவு அரிது, கிடைப்பதை விடாமல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். கரைபொருள் மிகுந்த சூழலில் ஓம்ப்-எஃப் குறைந்து, குறுகிய துளையான ஓம்ப்-சி மேலோங்குகிறது. குடலில் உணவுக்குப் பஞ்சமில்லை, பித்த உப்புகளும் நச்சுப்பொருள்களும்தான் தொல்லை. எனவே கதவைக் குறுக்கிக்கொள்வதே நல்லது. இரண்டு துளைகளின் மொத்த எண்ணிக்கை பெரிதாக மாறுவதில்லை, விகிதம் மட்டும் மாறுகிறது.

இந்த மாற்றத்தை ஆணையிட்டு நடத்துவதுதான் என்வ்-இசட், ஓம்ப்-ஆர் இணை. ஒரு தெளிவு இங்கே தேவை. உப்பு மிகும்போது செல்லைக் காப்பாற்றுவது துளை மாற்றம் மட்டுமன்று. முதலில் பொட்டாசியத்தையும், பிறகு புரோலின், பீட்டெய்ன், டிரெஹலோஸ் போன்ற தீங்கற்ற கரைபொருள்களையும் செல் உள்ளே சேர்த்துக்கொள்கிறது. அவற்றுக்கு வேறு ஏற்பிகளும் வேறு மரபணுக்களும் உள்ளன. என்வ்-இசட் 'உப்பு உணர்வின் ஒரே மரபணு' என்று சில இடங்களில் எழுதப்படுவது பிழை.

கண்டுபிடிப்பு

1970களில் பல ஆய்வகங்கள் போரின் உற்பத்தி பிறழ்ந்த ஈ. கோலை வகைகளைத் தனித்தனியே கண்டெடுத்து, ஆளுக்கொரு பெயர் இட்டிருந்தன. அவை எல்லாம் மரபணுத் தொகுதியில் ஒரே இடத்தில் வந்து நின்றன. அந்த இடத்துக்கு ஓம்ப்-பி என்று பெயர். 1981இல் மைக்கேல் ஹால், தாமஸ் சில்ஹேவி ஆகியோர் அங்கே இருப்பது ஒரு மரபணு அல்ல, ஒட்டி அமைந்த இரண்டு மரபணுக்கள் என்று காட்டினர். முன்னது ஓம்ப்-ஆர், பின்னது என்வ்-இசட். இரண்டும் ஒரே தொடராகப் படியெடுக்கப்படுகின்றன. அடுத்த ஆண்டே மசயோரி இனோயேயின் ஆய்வகம் என்வ்-இசட் மரபணுவின் எழுத்து வரிசையை வெளியிட்டது. பெயரிலுள்ள 'என்வ்', செல்லின் உறை என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம்.

இதே ஆய்வுகளின் துணை விளைவாக 1984இல் மைக்-எஃப் என்னும் சிறிய ஆர்.என்.ஏ. கண்டறியப்பட்டது. அது புரதம் எதையும் உருவாக்குவதில்லை. ஓம்ப்-எஃப்பின் தூது ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு அதைப் படிக்கவிடாமல் தடுக்கிறது. ஆர்.என்.ஏ.வே மரபணுவைக் கட்டுப்படுத்தக்கூடும் என்பதற்குப் பாக்டீரியாக் குரோமோசோமிலிருந்து கிடைத்த முதல் சான்றுகளில் இது ஒன்று. பாடநூல்களில் இதற்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.

அமைப்பும் செயல்பாடும்

என்வ்-இசட் புரதம் 450 அமினோ அமிலங்களால் ஆனது. சங்கிலி உட்சவ்வை இரண்டு முறை ஊடுருவிச் செல்கிறது. இரு ஊடுருவல்களுக்கும் நடுவிலுள்ள பகுதி, இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். மீதி முழுவதும் செல்லுக்குள் இருக்கும். உள்ளே இருக்கும் பகுதியை மேலும் மூன்றாகப் பிரிக்கலாம்: சவ்வை ஒட்டிய இணைப்புப் பகுதி, இரண்டு என்வ்-இசட் மூலக்கூறுகள் சோடி சேரும் பகுதி, ஏ.டி.பி.யைப் பற்றிக்கொள்ளும் வினையூக்கப் பகுதி. இது எப்போதும் சோடியாகவே வேலை செய்கிறது.

வேலை நடக்கும் முறை இது. சூழலில் கரைபொருள் மிகும்போது, என்வ்-இசட் ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துத் தன் சங்கிலியின் 243ஆவது இடத்திலுள்ள ஹிஸ்டிடினில் ஏற்றிக்கொள்கிறது. பிறகு அந்த பாஸ்பேட் ஓம்ப்-ஆர் புரதத்தின் 55ஆவது இடத்திலுள்ள அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குக் கைமாறுகிறது. பாஸ்பேட் பெற்ற ஓம்ப்-ஆர், டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் போய் அமர்ந்து மரபணுக்களை முடுக்கவோ அடக்கவோ செய்கிறது. பாஸ்பேட் பெற்ற ஓம்ப்-ஆர் சிறிதளவே இருந்தால் ஓம்ப்-எஃப் இயங்கும். மிகுந்தால் ஓம்ப்-எஃப் அடங்கி ஓம்ப்-சி இயங்கும். ஏற்பி ஒன்று, தூதுவன் ஒன்று என்ற இந்த அமைப்புக்கு 'இரு கூறு அமைப்பு' என்று பெயர். பாக்டீரியா உலகில் வெளிச்செய்தியை உள்ளே கொண்டுவருவதற்கு மிகப் பரவலாக உள்ள வழி இதுதான்.

என்வ்-இசட் பாஸ்பேட்டை ஏற்றுவதோடு நிற்பதில்லை, வேண்டாதபோது ஓம்ப்-ஆர் மீதிருக்கும் பாஸ்பேட்டைக் கழற்றியும் விடுகிறது. இந்த இரட்டை வேலையை மாணவர்கள் பலர் தவறவிடுகிறார்கள். ஏற்றுவது மட்டும் இருந்து இறக்குவது இல்லையென்றால், ஒரு முறை உப்பைக் கண்ட பாக்டீரியா பிறகு நன்னீருக்கு வந்தாலும் உப்பிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

எண்ணிக்கையும் வியப்பானது. ஒரு செல்லில் என்வ்-இசட் ஏறத்தாழ 100 மூலக்கூறுகளும் ஓம்ப்-ஆர் ஏறத்தாழ 3,500 மூலக்கூறுகளும் இருப்பதாக இனோயே ஆய்வகம் 2002இல் அளந்தது. ஏற்பி இவ்வளவு குறைவாக இருப்பது குறையல்ல. ஏற்றுவதும் இறக்குவதும் அதே 100 மூலக்கூறுகள்தாம் என்பதால், அவற்றின் எண்ணிக்கை சற்றுக் கூடிக் குறைந்தாலும் இரண்டு வேலைகளும் ஒருங்கே கூடிக் குறைந்து முடிவு மாறாமல் நிற்கிறது. தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடையைக் கூட்டுவது போன்றது இது.

உப்பை அறிவது எந்தப் பகுதி?

சவ்வுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் உப்பை 'சுவைக்கிறது' என்று எண்ணுவது இயற்கை. நாக்கு வெளியே இருந்தால்தானே சுவை தெரியும்? பல ஆண்டுகள் ஆய்வாளர்களும் அவ்வாறே எண்ணினர். 1996இல் லியனார்டோவும் ஃபோர்ஸ்ட்டும் அந்த வெளிப்பகுதியை எடுத்துவிட்டு, அதற்குச் சிறிதும் தொடர்பில்லாத, பாஸ்பேட் பற்றாக்குறையை அறியும் வேறொரு புரதத்தின் பகுதியை வைத்துப் பார்த்தனர். உப்பறியும் திறன் போகவில்லை. 2012இல் லிண்டா கென்னி, கணேஷ் ஆனந்த் ஆகியோரின் குழுக்கள் இதற்கு விடை தேடின. செல்லுக்கு உள்ளேயுள்ள பகுதியில், ஹிஸ்டிடினை ஒட்டிய சுருள்கள் கரைபொருள் குறைந்த சூழலில் தளர்ந்தும் மிகுந்த சூழலில் இறுகியும் இருப்பதை அவர்கள் கண்டனர். இறுகிய நிலையில் பாஸ்பேட் ஏற்றம் எளிதாகிறது. சவ்வு இல்லாமல் உள்பகுதியை மட்டும் தனியே எடுத்தாலும் இந்த மாற்றம் நிகழ்கிறது. அதாவது வெளியே உப்பு கூடும்போது செல்லிலிருந்து நீர் போய் உள்ளே அடர்த்தி ஏறுகிறது, ஏற்பி அறிவது அந்த உள்நிலையை.

வாசலில் நிற்கும் காவலாளி தெருவைப் பார்க்காமல் வீட்டுக்குள் நடப்பதைப் பார்த்தே வெளியே என்ன நடக்கிறது என்று சொல்கிறான் என்பது போல இருக்கிறது இது. கட்டுரையின் இறுதியில் இந்தச் செய்தி மறுபடி தேவைப்படும்.

செயற்கை உயிரியலில்

மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்தது. நாட்டு மாவின் வேரும் அடிமரமும் இருக்கும், மேலே வேறு இனத்தின் தளிர். ஏற்பிப் புரதங்களிலும் இதே வேலையைச் செய்ய முடியும் என்பதுதான் செயற்கை உயிரியலார் என்வ்-இசட்டை விரும்புவதற்குக் காரணம். இங்கே அடிமரம் என்வ்-இசட்டின் உள்பகுதி. அது எப்படியும் ஓம்ப்-ஆருக்குப் பாஸ்பேட் கொடுக்கும். ஓம்ப்-ஆர் எப்படியும் ஓம்ப்-சி மரபணுவின் தொடக்கப் பகுதியைத் தூண்டும். அந்தத் தொடக்கப் பகுதிக்குப் பின்னால் நிறமோ ஒளியோ தரும் மரபணுவை வைத்துவிட்டால் கண்ணால் பார்க்கக்கூடிய விடை கிடைக்கும். மேலே கட்டும் தளிரை மட்டும் வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வெற்றி 1989இல் வந்தது. உட்சுமி, இனோயே முதலியோர் 'டார்' என்னும் ஏற்பியின் வெளிப்பகுதியை என்வ்-இசட்டின் உள்பகுதியோடு இணைத்தனர். டார், ஈ. கோலை அஸ்பார்டேட் என்னும் அமினோ அமிலத்தை நோக்கி நீந்திச் செல்ல உதவும் ஏற்பி. இரண்டையும் சேர்த்த ஒட்டுப் புரதத்துக்கு 'டாஸ்' என்று பெயர். அஸ்பார்டேட்டைச் சேர்த்தபோது ஓம்ப்-சி மரபணு முடுக்கப்பட்டது. இரண்டு புரதங்களும் இயற்கையில் வேறு வேறு வேலை செய்பவை. ஆயினும் சவ்வைத் தாண்டிச் செய்தியைக் கடத்தும் முறை இரண்டிலும் ஒன்றுக்கொன்று பொருந்தியது.

2005 நவம்பரில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த ஒளிப்படச் சோதனைதான் எல்லாவற்றிலும் பெயர் பெற்றது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகமும் சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. இதில் மாணவர்களின் பங்கு பெரிது. ஐஜெம் எனப்படும் மாணவர் போட்டிக்காகத் தொடங்கிய முயற்சி அது. இந்த முறை தளிராகக் கட்டப்பட்டது சிபிஎச்-1 என்னும் பைட்டோகுரோம். சினெக்கோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாக்டீரியா சிவப்பு ஒளியை அறிவதற்கு வைத்திருக்கும் புரதம் அது. இணைப்புக்குப் பல இடங்களில் வெட்டி ஒட்டிப் பார்த்ததில் எட்டாவது சரியாக அமைந்ததால் அதற்கு 'சிபிஎச்-8' என்று பெயர் வந்தது. எங்கே வெட்டுவது என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை, செய்து பார்த்தே கண்டார்கள் என்பதை இந்தப் பெயர் நினைவூட்டுகிறது.

ஒட்டுப் புரதம் இருந்தால் மட்டும் போதவில்லை. பைட்டோகுரோம் ஒளியைப் பற்ற ஒரு நிறமி வேண்டும், ஈ. கோலையிடம் அது கிடையாது. ஆகவே அதே நீலப்பச்சைப் பாக்டீரியாவிலிருந்து இன்னும் இரண்டு மரபணுக்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஈ. கோலை தானாகவே செய்யும் ஹீமை அவை இரண்டு படிகளில் அந்த நிறமியாக மாற்றின. பாக்டீரியாவின் சொந்த என்வ்-இசட்டையும் நீக்க வேண்டியிருந்தது. இல்லையென்றால் அது குறுக்கே புகுந்து உப்பைப் பற்றிய செய்தியைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இப்படி ஆயத்தம் செய்த பாக்டீரியாக்களை அகார் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, மேலேயிருந்து சிவப்பு ஒளியில் ஒரு படத்தை வீழ்த்தினார்கள். இருளில் இருந்த செல்களில் சிபிஎச்-8 இயங்கி, ஓம்ப்-ஆர் வழியாக ஒரு நொதியை உருவாக்கியது. அந்த நொதி தட்டில் கலந்திருந்த ஒரு பொருளைச் சிதைத்துக் கறுப்பு நிறத்தைத் தந்தது. ஒளி பட்ட செல்களில் சிபிஎச்-8 அடங்கிவிட்டதால் அங்கே கறுப்பு இல்லை. பல மணி நேரம் அடைகாப்பில் வைத்தபின் தட்டில் படம் தெளிவாகத் தெரிந்தது. ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு புள்ளியாக நின்றதால் நுணுக்கம் ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 கோடிப் புள்ளிகள் என்று கணக்கிட்டார்கள்.

படம் எடுப்பது நோக்கமல்ல. அதற்குக் கைப்பேசி போதும். பாக்டீரியாக்களுக்கு எங்கே, எப்போது ஒரு வேலையைச் செய்ய வேண்டும் என்று தொடாமலேயே ஆணையிட முடியும் என்பதுதான் நிறுவப்பட்டது. 2009இல் இதே அமைப்போடு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் மரபணுக்களைச் சேர்த்து, படத்தில் ஒளியும் இருளும் சந்திக்கும் ஓரக்கோட்டை மட்டும் வரையச் செய்தனர். 2017இல் பச்சை, நீல ஒளிகளை அறியும் ஏற்பிகளையும் சேர்த்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் பிரித்தறியும் ஈ. கோலை உருவாயிற்று. சிபிஎச்-8 இன்றும் ஐஜெம் பதிவேட்டில் 'பிபிஏ ஐ15010' என்ற எண்ணில் ஓர் உதிரிப் பாகமாகப் பதிவாகி இருக்கிறது. எந்தக் கல்லூரி மாணவரும் அதன் எழுத்து வரிசையைப் பார்க்கலாம்.

எல்லாம் இப்படி வெற்றியாக முடியவில்லை. 2003இல் டியூக் பல்கலைக்கழகக் குழு ஒன்று, வெடிபொருளான டி.என்.டி.யையும் வேறு சில பொருள்களையும் பற்றும் புரதங்களைக் கணினியில் வடிவமைத்ததாகவும், அவற்றை என்வ்-இசட் ஒட்டுப் புரதத்தோடு சேர்த்து ஈ. கோலையைக் கண்டறியும் கருவியாக மாற்றியதாகவும் 'நேச்சர்' இதழில் எழுதியது. பெரும் பரபரப்பு. ஆறு ஆண்டுகள் கழித்து ஜெர்மனியில் வேறொரு குழு அந்த வடிவமைப்புகளுள் சிலவற்றைத் தூய்மைப்படுத்தி நேரடியாக அளந்தபோது, அவை உரிய பொருளைப் பற்றுவதற்கான அடையாளமே கிடைக்கவில்லை. கணினி வடிவமைப்பு இன்னும் தீராத சிக்கல் என்று கட்டுரைத் தலைப்பிலேயே எழுதினார்கள். செயற்கை உயிரியல் பற்றிப் படிப்போர் முதல் கட்டுரையோடு நிறுத்திவிடாமல் இரண்டாவதையும் சேர்த்தே படிக்க வேண்டும். பல இணையப் பக்கங்களில் 2003ஆம் ஆண்டுச் செய்தி மட்டுமே இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நோயும் என்வ்-இசட்டும்

டைபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் சால்மோனெல்லா இனத்திலும் இந்த இணை உண்டு. ஓம்ப்-பி பகுதி பழுதடைந்த சால்மோனெல்லா எலிகளில் நோயை உண்டாக்க முடியாமல் போவது 1989இலேயே அறியப்பட்டது. சால்மோனெல்லா நம் வெள்ளணுக்களால் விழுங்கப்பட்டபின் சாகாமல் அதற்குள்ளேயே அமர்ந்து பெருகக்கூடியது. அந்தச் சிறு அறைக்குள் அமிலத்தன்மை மிகுதி.

அப்போது பாக்டீரியாவின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை அளக்க உதவிய கருவி இந்தியாவில் உருவானது. சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் படித்த யமுனா கிருஷ்ணன், பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் பணியாற்றியபோது டி.என்.ஏ.வையே மடித்து 'ஐ-சுவிட்ச்' என்னும் நுண்கருவி ஒன்றைச் செய்தார். 2009இல் வெளியான இக்கருவி அமிலத்தன்மைக்கு ஏற்ப மூடித் திறந்து, அதற்கேற்ப ஒளிர்வை மாற்றிக் காட்டும். 2015இல் கென்னியின் குழு இதைச் சால்மோனெல்லாவுக்குள் செலுத்திப் பார்த்தது. வெள்ளணுவுக்குள் இருக்கும் சால்மோனெல்லா தன் உட்புறத்தையும் அமிலமாகவே விட்டுவிடுகிறது. அமிலத்தை ஈடுகட்டும் மரபணுக்களை ஓம்ப்-ஆர் அடக்கி வைக்கிறது, அந்த உள் அமிலமே நோயுண்டாக்கும் கருவிகளை இயக்கும் அடையாளமாகிறது. ஆக, குடலிலும் ஆற்றிலும் உப்பை அறியும் அதே ஏற்பி, இங்கே அமிலத்தின் கதையில் இடம்பெறுகிறது. மனித செல்களில் இத்தகைய ஹிஸ்டிடின் ஏற்பிகள் இல்லாததால் புதிய மருந்துகளுக்கு இவை நல்ல இலக்காகக் கருதப்படுகின்றன.

துறைமுகமும் முத்துக்குளித்துறையும்

வ.உ. சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் சரக்கு மட்டும் கொண்டுவருவதில்லை. சரக்கில்லாதபோது கப்பல் நிலையாக மிதப்பதற்காக ஏதோ ஒரு துறைமுகத்தில் அடித்தொட்டிகளில் நீரை நிரப்பிக்கொள்கிறது. சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அந்த நீரை வெளியேற்றுகிறது. நீரோடு அந்த ஊர் நுண்ணுயிர்களும் இறங்குகின்றன. இதற்கென 2004இல் உருவான பன்னாட்டு ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8 அன்று நடைமுறைக்கு வந்தது. கரையோர நீரை நடுக்கடலில், இயன்றவரை கரையிலிருந்து 200 கடல் மைல்களுக்கு அப்பால், மாற்றிக்கொள்வது அதில் ஒரு வழி. ஆற்று முகத்துவார உயிர்கள் பெருங்கடலின் உப்பைத் தாங்கா என்பது அதன் பின்னாலுள்ள எண்ணங்களில் ஒன்று. இன்னும் கடுமையான வழி, நீரைத் தூய்மைப்படுத்தியே வெளியேற்றுவது. அந்த அளவுகோலின்படி 100 மில்லிலிட்டர் நீரில் வளரக்கூடிய ஈ. கோலை 250க்கும் குறைவாக இருக்க வேண்டும். காலரா பாக்டீரியாவுக்கு வரம்பு இன்னும் கடுமை: ஒன்றுக்கும் குறைவு.

'வளரக்கூடிய' என்ற சொல்லில் சிக்கல் இருக்கிறது. 1982இல் ரீட்டா கோல்வெல் குழுவினர் காட்டியபடி, ஈ. கோலையும் காலரா பாக்டீரியாவும் கடல்நீரில் சில காலம் கிடந்தபின் உயிரோடு இருந்தும் ஆய்வகத் தட்டில் வளராமல் போகும் நிலைக்குச் செல்லக்கூடும். தட்டில் எண்ணுகிறவருக்கு அவை இல்லாதவை. நீரை வடிகட்டியே உண்டு வாழும் சிப்பிகளுக்கு அவை இருக்கின்றன. முத்துச்சிப்பிப் பார்கள் இந்தக் கரையின் வரலாற்றோடு பிரிக்க முடியாதவை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. பிறகு 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் வேப்பலோடையில் வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக உருவாக்கியது. சிப்பி வளர்ப்பவருக்கு நீரில் என்ன கலந்திருக்கிறது என்பது பிழைப்புச் சிக்கல்.

என்வ்-இசட் ஒட்டுப் புரதங்களைக் கொண்டு நீரிலுள்ள மாசுகளை அறியும் பாக்டீரியாக்களைச் செய்யலாமே என்ற எண்ணம் இங்கே எழுவது இயல்பு. ஆய்வகத்தில் அது பல வகைகளில் நடந்துகொண்டிருக்கிறது. கடற்கரையில் அதற்கு ஒரு தனித் தடை உண்டு. 2012ஆம் ஆண்டு ஆய்வின்படி உப்பை அறிவது ஏற்பியின் உள்பகுதி. ஒட்டுப் புரதங்களில் அப்படியே விட்டுவைக்கப்படுவதும் அதே உள்பகுதிதான். எனவே முகத்துவாரத்து நீரை அப்படியே சோதித்தால், விடையில் எது மாசினால் வந்தது, எது ஓதத்தோடு ஏறிய உப்பினால் வந்தது என்று பிரிப்பது எளிதாக இராது. மாதிரி நீரின் உப்பளவை முதலில் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து, மாசில்லாத நீரையும் உடன் வைத்து ஒப்பிட்டால்தான் விடைக்கு மதிப்பு. உப்பளத்தில் டிகிரி பார்க்காமல் பாத்தியைத் திறக்கமாட்டார்கள், அது போலத்தான்.

இத்தகைய பாக்டீரியாக்களைக் கடலில் விடுவது வேறு செய்தி. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்து 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. இந்தியாவில் மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கையாளுவது, 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் இயற்றப்பட்ட விதிகளுக்கு உட்பட்டது. ஒவ்வோர் ஆய்வு நிறுவனத்திலும் உயிர்ப் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். திறந்த வெளியில் விடுவதற்கு ஒன்றிய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஆய்வகங்களில் பயன்படும் ஈ. கோலை பெரும்பாலும் கே-12 என்னும் தீங்கற்ற வகை என்றாலும், சோதனை முடிந்ததும் தட்டுகளை ஆட்டோகிளேவில் இட்டு 121 டிகிரி செல்சியஸ் நீராவியில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து அழித்த பிறகே வெளியே எடுப்பது வழக்கம்.